துருப்பிடித்த ஹெரால்டு காரை மீட்டெடுத்த அனுபவம்: காசு எங்கே போகிறது, எங்கே போகக்கூடாது

1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. நாகப்பட்டினத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் அசையாமல் நின்றது. 2021-ல் அறுபதாயிரத்துக்கு வாங்கினேன். மூன்று லட்சத்துக்குள் ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்கு. கடைசியில் ஆனது 5,85,000 ரூபாய், நான்கு வருடம். அதில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எதற்கும் பிரயோஜனம் இல்லாமல் போனது. பழைய கார் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் இன்ஜின், கார்புரேட்டர், குரோம் பம்பர் என்றுதான் பேசுகிறார்கள். துரு ஏறிய வண்டியை வாங்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும், பணத்தை எந்த வரிசையில் செலவழிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இதே மாதிரி வண்டி ஒன்றின் மேல் கண் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் ஹெரால்டு என்று கேட்பார்கள். நான் இருப்பது தாம்பரம் பக்கம். வண்டலூர், பெருங்களத்தூர் வட்டாரத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில்தான் 1961 முதல் இந்த வண்டி தயாரானது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரயம்ப் ஹெரால்டுதான் மூலம். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 948 சிசி இன்ஜின், முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும் பானட், ஒரு சின்னத் தெருவிலேயே திரும்பிவிடும் ஸ்டியரிங். சின்ன வயதில் எங்கள் தெரு டாக்டர் வைத்திருந்தார், அந்த பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக் துடைப்பார். ஆசைக்குக் காரணம் அவ்வளவுதான். ஆனால் துரு விஷயத்தில் இந்த வண்டிக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. அம்பாசிடர், பத்மினி இரண்டிலும் பாடியே எலும்புக்கூடு, மோனோகாக் என்பார்கள். கீழே அரித்துவிட்டால் மொத்த வண்டியும் தொய்ந்துவிடும். ஹெரால்டில் சேஸ் என்கிற அடிச்சட்டம் தனி, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். டிரயம்ப் கம்பெனி விரும்பி அப்படிச் செய்யவில்லை. அவர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது, மோனோகாக் பாடி அடித்துத் தர ஆள் இல்லை, அதனால் பழைய முறைப்படி தனி சேஸ் போட்டார்கள். அன்று அவர்களுக்கு இருந்த இக்கட்டு, அறுபது வருடம் கழித்து என்னைப் போன்ற ஆளுக்கு வாய்ப்பாகிவிட்டது. பாடியைக் கழற்றிவிட்டு சேஸைத் தனியாகப் படுக்கப் போட்டு வேலை பார்க்கலாம். பட்ஜெட் குறைவு என்றால், துரு ஏறிய மோனோகாக் வண்டிப் பக்கம் போகாதீர்கள். தனி சேஸ் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு காந்தம், ஒரு கோணி ஊசி, டார்ச், சின்னச் சுத்தியல், கூடவே படுக்க ஒரு பழைய பாய் கொண்டுபோங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி கதவின் அடிப்பக்கம், மட்கார்டு வளைவு, டிக்கி ஓரம் எல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. பிறகு பாயை விரித்துக் கீழே படுத்து சேஸை ஊசியால் குத்த வேண்டும். ஹெரால்டில் நடுவே நீளவாக்கில் இரண்டு முக்கியமான இரும்புத் தண்டுகள் ஓடும், ரயில் என்பார்கள், அதிலிருந்து இரு பக்கமும் கை நீட்டுவது போல் குறுக்குச் சட்டங்கள் வரும், அந்தச் சட்டங்களின் நுனியில்தான் பாடி உட்காரும். தண்ணீரும் சேறும் போய்த் தேங்கும் இடமும் அந்த நுனிதான். என் வண்டியில் ஊசி எல்லாம் வேண்டியிருக்கவில்லை, விரலால் அழுத்தியதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஆனால் நடு ரயில்களைச் சுத்தியலால் தட்டினால் 'ணங்' என்று சத்தம் வந்தது. அதுதான் நான் வாங்கியதற்குக் காரணம், இன்றும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன். நடு ரயில் போயிருந்தால் எந்த விலைக்கும் வாங்கக்கூடாது. பக்கச் சட்டங்கள் போயிருந்தால் பயப்பட வேண்டாம், செய்துகொள்ளலாம். கதவுக்குக் கீழே வெளியே தெரிகிற அந்த நீளத் தகரம் ஓட்டையாக இருந்தாலும் கவலை இல்லை, இந்த வண்டியில் அது வெறும் மூடி, எடை தாங்குவதில்லை. விலை பேசும்போது அதைக் காட்டித்தான் நான் குறைத்தேன்.

ஆர்.சி. புத்தகத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள். எனக்கு விற்றவர்கள் வண்டிக்காரருடைய பிள்ளைகள். அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது, புத்தகம் அவர் பெயரிலேயே இருந்தது. அப்படி இருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழ், படிவம் 31 மூலம் ஒரு வாரிசு பெயருக்கு மாற்றம், அதற்கு மற்ற வாரிசுகளின் சம்மதம், அதன் பிறகுதான் 29, 30 படிவங்களில் நம் பெயருக்கு மாறும். ஒரு பிள்ளை துபாயில் இருந்தார். அவருடைய கையெழுத்துக்கு மட்டும் பல மாதம் காத்திருந்தேன். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் அப்புறம் அவர்களுக்கு அவசரம் இருக்காது. பாதிப் பணத்தை பெயர் மாற்றத்துக்குப் பிறகு என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இனி அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரம் போன கதை. நாகப்பட்டினத்திலிருந்து வண்டியை லாரியில் ஏற்றி வந்து (அதற்குப் பதினைந்தாயிரம்) தென்சென்னையில் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். வாசலில் இரண்டு பழைய பென்ஸ் நின்றன, பேச்சு நன்றாக இருந்தது, டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து ஒரே கான்ட்ராக்ட்டாகச் செய்து தருகிறேன் என்றார்கள். அறுபதாயிரம் அட்வான்ஸ். போகும்போதெல்லாம் வண்டி தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும், "உள்ள வேலை நடக்குது சார்" என்பார்கள். கடைசியில் இன்னொரு ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு இளநீலத்தில் பளபளவென்று வெளியே விட்டார்கள். இன்ஜின் வேலை பிறகு பார்க்கலாம் என்று வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

ஐப்பசி மழை தாண்டவில்லை. கதவின் அடிப்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னக் கொப்புளம். ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன், பெயிண்ட் தோல் கிழிந்து பழுப்புத் தண்ணீர் விரல் வழியாக முழங்கைவரை இறங்கியது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பட்டி ஒரு விரல்கடை கனத்துக்குப் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அடியில் தகரமே இல்லை. ஓட்டையில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, மேலே ஃபைபர் துணி ஒட்டி, அதன் மேல் பட்டி பூசியிருந்தார்கள். செய்தித்தாளில் தேதிகூடப் படிக்க முடிந்தது. கீழே சேஸுக்கு இரும்பு என்று ஒன்றும் வைக்கவில்லை, கறுப்புப் பெயிண்ட் மட்டும் அடித்திருந்தார்கள். போய்க் கேட்டதற்கு, பழைய வண்டி என்றால் துரு வரத்தான் செய்யும் சார் என்று பதில். பணம் திரும்ப வரவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. கோபம் என்பதைவிட, வீட்டில் எப்படிச் சொல்வது என்ற கூச்சம்தான் அதிகம். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இதிலிருந்து சொல்ல வேண்டியது முக்கியம். துரு ஏறிய வண்டிக்கு டிங்கரிங்கையும் பெயிண்டையும் ஒரே தொகையாக, ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் தகர வேலையில் மிச்சம் பிடித்துப் பட்டியில் மறைக்க அவர்களுக்கு வசதியாகிவிடும். தகர வேலைக்குத் தனிக் கூலி, பட்டி ஒரு கை வைப்பதற்கு முன் நான் வந்து வெறும் தகரத்தைப் பார்ப்பேன், பார்த்த பிறகே அடுத்த பணம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். நல்ல டிங்கர் இதற்குக் கோபப்பட மாட்டார், தன் வெல்டிங்கைக் காட்ட அவருக்கே ஆசையாக இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும். அட்வான்ஸ் என்று கொடுப்பது தகரம், கேஸ் வாங்குகிற அளவுக்கு மேல் வேண்டாம்.

அதற்குப் பிறகு வண்டியை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். காயலான் கடைக்காரர் எடைக்குத்தான் எடுப்பேன் என்றார். அந்த நேரத்தில் பெருங்களத்தூரில் ஒரு டீக்கடையில் பேச்சுவாக்கில் ஒருவர் சொல்லி, கம்பெனி உற்பத்தியை நிறுத்தும்வரை அங்கே அசெம்பிளியில் இருந்த ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல். கை நடுக்கம், அதனால் ஸ்பேனர் பிடிக்க மாட்டார், ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தம்பி, கதவு ரெண்டும் சரியா சாத்துதா?" சாத்துகிறது ஐயா என்றேன். "அப்ப எதையும் கழட்டாதீங்க. மொதல்ல கதவைச் சுத்தி இருக்கிற இடைவெளியை எல்லாம் அளந்து எழுதுங்க, கதவு இருக்கிற ஓட்டைக்குக் குறுக்க பைப் வெச்சு வெல்டு அடிங்க, அப்புறம்தான் மத்தது" என்றார். இந்த ஒரு வாக்கியம் எனக்கு எத்தனை ஆயிரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது என்று சொல்ல முடியாது. பாடியைத் தாங்கும் சட்டங்களை வெட்டியதும் கதவு நிலை சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், அப்படியே புதுச் சட்டத்தை வெல்டு வைத்துவிட்டால் பிறகு கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது. குறுக்கே பைப் இருந்தால் அசையாது. சேஸைத் தரையில் நான்கு ஸ்டாண்டு மேல் வைத்து, தண்ணீர்க் குழாய் மட்டம் பார்த்து, மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துச் சுவரிலேயே பென்சிலால் எழுதி வைத்தோம். ஒவ்வொரு சட்டமும் போட்ட பிறகு அந்த அளவைத் திரும்பப் பார்ப்போம். எல்லாச் சட்டத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது. ஒன்றை வெட்டு, புதிதைப் போடு, அளந்து பார், அடுத்ததுக்குப் போ. மெதுவான வேலைதான், ஆனால் வேறு வழி இல்லை.

வெல்டிங்குக்குக் கூலிக்கு ஓர் இளைஞரைப் பிடித்தேன், கேட் கிரில் வேலை செய்கிறவர். கார் டிங்கர் கேட்ட கூலியில் பாதிதான் கேட்டார். ஆனால் கேஸ் வெல்டிங்கும் ஆர்க் வெல்டிங்கும் வேண்டாம், சிஓடூ வெல்டிங் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். மெல்லிய தகரத்தில் கேஸ் வெல்டிங் போட்டால் சூட்டில் தகரம் அலையலையாக நெளியும், ஆர்க் ஓட்டை போட்டுவிடும். சேஸ் சட்டங்களுக்கு 2 மி.மீ. தகடு, பாடிக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத சாதா இரும்புத் தகரம்) வாங்கினேன். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே, அதைப் போடலாமே என்று கடையில் சொல்வார்கள். வெல்டு அடிக்கிற இடத்தில் அந்தத் துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடும், அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வேண்டாம். சட்டங்களை வளைத்துக் கொடுக்க, ஏ.சி. டக்ட் அடிக்கிற ஒரு பட்டறையில் அட்டையில் வெட்டிய அளவைக் கொடுத்தேன், சொற்பக் காசுக்குத் துல்லியமாக வளைத்துக் கொடுத்தார்கள். கார் பட்டறையில் எல்லா வேலையையும் தேட வேண்டியதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இந்தத் தகர வேலை முழுவதும் சேர்த்துத் தொண்ணூற்றைந்தாயிரம்.

ஒரு எச்சரிக்கை. வெல்டிங் தொடங்குவதற்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வண்டியிலிருந்து தூரமாக வைத்துவிடுங்கள், ஹெரால்டில் அது டிக்கிக்குள் ஒரு பக்கமாக இருக்கும். காலி டேங்க்தானே என்று விடாதீர்கள், திரவ பெட்ரோலைவிட உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். பேட்டரி வயரும் கழன்றிருக்க வேண்டும்.

துரு எடுக்கும் விஷயத்தில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள் புகுந்துவிட்டால் மடிப்பையே பிளந்து தள்ளும். அங்கே மேலே பெயிண்ட் அடிப்பதில் அர்த்தமே இல்லை, மடிப்பைத் திறந்துதான் ஆக வேண்டும். சேஸை மட்டும் சாண்ட் பிளாஸ்டிங் கொடுத்தேன். பானட், கதவு, கூரைத் தகரத்தைக் கொடுக்கவில்லை, பரந்த தகரத்தில் மணல் வேகமாக அடித்தால் உப்பிக்கொண்டு நெளிந்துவிடும். அவற்றுக்குக் கம்பி பிரஷ், பிறகு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர். பிளாஸ்டிங் கொடுப்பதற்கு முன் சேஸ் நம்பர் இருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்து, பென்சில் அச்சும் எடுத்து, அதன் மேல் கனமான ரப்பர் ஒட்டிவிடுங்கள். மணலில் நம்பர் மழுங்கிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒன்றும் நடக்காது. பிளாஸ்டிங் முடிந்த இரும்பு சென்னைக் காற்றில் ஒரு ராத்திரி நின்றால் போதும், காலையில் மஞ்சள் பூத்திருக்கும், அதனால் அன்றைக்கே பிரைமர். அதுவும் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து விடாதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும். எபாக்ஸி பிரைமர் விலை கூடுதல்தான், ஆனால் கார் முழுவதிலும் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாத ஒரே பெயிண்ட் அதுதான். பிளாஸ்டிங்கும் எபாக்ஸியும் சேர்த்து இருபத்திரண்டாயிரம் ஆயிற்று.

சின்னச் சாமான்களுக்குக் காசே ஆகவில்லை. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், சலவை சோடா, ஒரு பழைய பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு சார்ஜரின் நெகட்டிவ், பக்கத்தில் ஒரு துண்டு சாதா இரும்புத் தகட்டுக்குப் பாசிட்டிவ். ராத்திரி முழுவதும் நுரைத்துக்கொண்டு இருக்கும், காலையில் துரு எல்லாம் கறுப்புச் சேறாகக் கழன்று வரும், தேய்த்துக் கழுவினால் போதும். பிரேக் டிரம், கீல், ஜாக்கி எல்லாவற்றையும் இப்படித்தான் எடுத்தேன். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, அந்தத் தண்ணீர் விஷமாகிவிடும். ஹைட்ரஜன் வரும், அதனால் திறந்தவெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

முன்பக்க சஸ்பென்ஷன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு, கீழே ஒரு பித்தளைக் கட்டைக்குள் மரை போட்டு இறங்கியிருக்கும். டிரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் தண்டு சுற்றும். பெரியவர் அதைக் கழற்றச் சொல்லி வாங்கிப் பார்த்தார். பித்தளைக்குள் காய்ந்துபோன கிரீஸ், கறுப்புச் சாக்குக்கட்டி போல் பொலபொலவென்று உதிர்ந்தது. தண்டின் மரையைச் சுற்றி அரித்து ஒரு பள்ளம், அதில் தன் நகத்தை வைத்துக் காட்டினார். "எல்லா மெக்கானிக்கும் இதுல கிரீஸ் அடிப்பான். இதுக்கு கிரீஸ் இல்ல தம்பி, தொண்ணூறு ஆயில்" என்றார். கிரீஸ் இறுகி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தங்கும், தண்டு துருப்பிடித்து ஒரு நாள் வண்டியை மெதுவாகத் திருப்பும்போது படக்கென்று ஒடியும், சக்கரம் மடிந்து உள்ளே போய்விடும். கியர் பாக்ஸுக்கு ஊற்றும் 90 கிரேடு ஆயிலைத்தான் இதில் விட வேண்டும். நிற்கிற ஹெரால்டு எதுவாக இருந்தாலும், எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், இதைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். தண்டு இரண்டையும் டிரன்னியனையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து எதிர்பார்த்த கணக்கைத் தாண்டிவிட்டது. அங்கே ஓடுகிற பழைய டிரயம்ப் வண்டிகளுக்கு இந்தச் சாமான்கள் இன்னும் புதிதாகவே தயாராகின்றன. ஆனால் துண்டு துண்டாக ஆர்டர் போடாமல், தேவையை எல்லாம் எழுதி வைத்து ஒரே பார்சலாக வாங்குங்கள். பிரேக் சிலிண்டருக்கு அப்படி வாங்கவில்லை, இருந்ததையே லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட்டுப் புது வாஷர் மாற்றினேன், அது போதும். சஸ்பென்ஷன், பிரேக் இரண்டுக்கும் நாற்பத்தெட்டாயிரம்.

இன்ஜின் இறுகிப் போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து விட்டு வாரக்கணக்கில் ஊறப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் அசைத்துத்தான் எடுத்தோம். செல்ஃப் அடித்து எடுக்கப் பார்த்திருந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கும். இந்த இன்ஜினில் பார்க்க வேண்டிய ஒன்று, கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் திரஸ்ட் வாஷர். ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் நகர்ந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது, இன்னும் ஓட்டினால் அது சம்ப்புக்குள் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விழுந்து பிளாக்கையே தின்றுவிடும். இன்ஜின், கியர் பாக்ஸ் எண்பத்தைந்தாயிரம். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்தில் மாற்றிவிடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தது, அது பழைய ரப்பரை இளக்கிவிடும், ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்க வேண்டாம்.

சில்லறைச் சாமான்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் அலைந்தேன். ஹெரால்டு என்று கேட்டால் இல்லை என்பார்கள். கழற்றிய சாமானைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் உள்ளே போய் வேறு ஏதோ வண்டியின் சாமானை எடுத்துவந்து அளந்து பார்ப்பார்கள், பல தடவை பொருந்தியது. பேரைச் சொல்லித் தேடுவதைவிட அளவைச் சொல்லித் தேடுவது பலன் தரும். கண்ணாடி ரப்பர், வயரிங், சீட் எல்லாம் சேர்ந்து அறுபத்திரண்டாயிரம். பெயிண்ட் கடைசியில், வேறு இடத்தில், வெறும் தகரத்தை அவர்களே தட்டிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு எழுபதாயிரம். பட்டி எங்கும் மெல்லிய பூச்சுக்கு மேல் போகவில்லை, நான் கூடவே நின்றேன்.

பணத்தைவிட என்னை அதிகம் சோர்வாக்கியது வேலை நின்று கிடந்த மாதங்கள்தான். சேஸ் ஒரு பக்கம், பாடி ஒரு பக்கம், சாமான்கள் அரிசிச் சாக்கில். கையில் காசு இல்லாத மாதங்களில் அந்தப் பக்கம் போகவே மனம் வராது. பாதியில் விற்கப்படும் வண்டிகள் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் விற்கப்படுகின்றன, கழற்றிய வண்டிக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது. அதனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். சேஸ் வேலைக்குப் பணம் கையில் முழுதாக இருந்தால் மட்டும் பாடியைத் தூக்குங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி கவரில் போட்டு எந்த இடம் என்று எழுதுங்கள், கழற்றுவதற்கு முன் போட்டோ. காசில்லாத மாதத்தில் செய்ய என்று ஏதாவது ஒரு இலவச வேலையை மிச்சம் வையுங்கள். எனக்கு அந்த சோடா டிரம்தான் கைகொடுத்தது.

காகித வேலைக்கு மொத்தம் பதினெட்டாயிரம். பழைய கையெழுத்துப் புத்தகம் என்பதால் முதலில் அரசின் 'வாகன்' இணையதளத்தில் விவரத்தை ஏற்ற வேண்டும், அதன் பிறகு படிவம் 25-ல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரல் முதல் இதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று உயர்த்திவிட்டார்கள், பசுமை வரி தனி. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு என்று 2021-ல் தனி விதி வந்திருக்கிறது, ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே தொடரும். ஆனால் அதில் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்க்க என்றுதான் எடுக்கலாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கக்கூட இதில் போக வேண்டும் என்று ஆசை, அதனால் சாதாரணப் புதுப்பித்தல்தான் செய்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறக்கச் சொன்னார், நம்பரைப் பென்சில் அச்சோடு ஒப்பிட்டார், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வண்டியைத் தள்ளிப் பார்த்தார், முடிந்தது.

இப்போது வண்டி ஓடுகிறது. இன்னும் செய்ய வேண்டியது இருக்கிறது: டைனமோ ராத்திரி ஹெட்லைட்டுக்குத் திணறுகிறது, பின்பக்கம் குறுக்கே போகும் லீஃப் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது, அதைப் பட்டறையில் கொடுத்துச் சூடு காட்டி வளைவு ஏற்ற வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் ஓட்டைகளில் ஒரு கம்பியை விட்டுக் குத்தி அடைப்பு எடுத்துவிடுகிறேன், சேஸ் சட்டங்களுக்குள் மெழுகு கலந்த ஆயிலைப் பீய்ச்சுகிறேன், டிரன்னியனுக்கு 90 ஆயில். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவிவிட வேண்டும். பெரியவருக்கு இப்போது நடக்க முடியவில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டு வாசலுக்கே வண்டியைக் கொண்டுபோனேன், கதவைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்தார், இடது பக்கக் கீல் கொஞ்சம் கீழே இருக்கிறது, ஒரு ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) போடுங்கள் என்றார். போட்டாயிற்று.